அலாட்மென்ட் வந்துவிட்டது, அண்ணன் வேறு சொல்கிறான்

நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி அனுப்பிய கடிதம் இது. அவருக்கு நாள் நெருக்கடி இருந்ததால் பதிலை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இதே குழப்பத்தில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி, கடிதத்தைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

"வணக்கம் மேடம். பிளஸ் டூவில் முதல் குரூப் படித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் மீடியம். இன்ஜினியரிங் கட்ஆஃப் 181.5. அப்பா இன்னொருவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். அம்மா தையல். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி படித்ததில்லை.

நாகர்கோவிலில் ஒரு எய்டட் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்து, ஃபீஸ் கட்டி, டி.சி.யும் கொடுத்துவிட்டேன். வகுப்பு தொடங்கிவிட்டது. நேற்று கவுன்சலிங்கில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) டென்டேட்டிவ் அலாட்மென்ட் வந்திருக்கிறது. நாளை மாலைக்குள் உறுதிசெய்ய வேண்டுமாம். என் லிஸ்டில் இதற்கு மேலே ஏழு சாய்ஸ் இருக்கிறது. எல்லாம் வெளியூர் தனியார் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ். பிரவுசிங் சென்டர்க்காரர் போட்டுத் தந்தது.

இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சிக்காரர் வீட்டுக்கே வந்தார். கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ் மேனேஜ்மென்ட் சீட் இருக்கிறதாம். வருஷம் ஃபீஸ் 1,50,000, ஹாஸ்டல் 90,000, முதலில் டொனேஷன் ஒரு லட்சம். சனிக்கிழமைக்குள் 25,000 கட்டினால் சீட்டைப் பிடித்துவைப்பாராம். 'பணம் நான் அனுப்புகிறேன், நீ கம்ப்யூட்டரே படி' என்கிறான் அண்ணன். அம்மாவுக்கு நாகர்கோவில் போதும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். கரண்ட் வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று மாமா கேட்கிறார். சித்தி பெங்களூரில் நர்சிங் சேரச் சொல்கிறார். பள்ளிக்கூட பிசிக்ஸ் சார் இயற்பியலை விடாதே என்கிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. அவர் பால் வெட்டப் போகும்போது தலையில் கட்டுகிற லைட் கெட்டுப்போனால் நான்தான் பிரித்து, சால்டர் வைத்துச் சரிசெய்து கொடுப்பேன். நான் எதை எடுக்கட்டும் மேடம்?"

மக்ளே, முதலில் நாளை மாலை நடக்க வேண்டிய காரியத்தைப் பேசி முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

டென்டேட்டிவ் அலாட்மென்ட் என்றால் அந்த சீட்டை உனக்காக எடுத்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீ உள்ளே போய்ச் சம்மதம் சொன்னால்தான் அது உன்னுடையது. வீட்டில் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும்போது ஐந்து மணி தாண்டிவிட்டால் சீட் கைவிட்டுப் போய்விடும். வருஷாவருஷம் இப்படிச் சில பிள்ளைகள் என்னிடம் வந்து அழுகிறார்கள். அதனால் மற்ற முடிவு எதுவாக இருந்தாலும் இதை விட்டுவிடாதே.

உறுதிசெய்யும் பக்கத்தில் சில வழிகள் காட்டும். உனக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று அக்செப்ட் அண்ட் ஜாயின்: இந்த சீட் போதும், போய்ச் சேர்கிறேன். இன்னொன்று அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்: இதை வைத்துக்கொள்கிறேன், ஆனால் லிஸ்டில் மேலே நான் எழுதிய ஏதாவது காலியானால் அதற்கு மாற்றிவிடுங்கள். கேட்க இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். எதை இழக்கப் போகிறோம் என்றுகூடத் தோன்றும். ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளது அந்த நிமிடமே போய்விடும். 'வேண்டாம், பழையதையே கொடுங்கள்' என்று கேட்க முடியாது. உனக்கு மேலே இருக்கும் ஏழும் நீ போய்ப் பார்த்ததில்லை, விசாரித்ததில்லை. பிரவுசிங் சென்டர் தம்பி பத்து நிமிடத்தில் தட்டிவிட்டது. அதில் ஒன்று கிடைத்தால் நீ அரசுக் கல்லூரியை விட்டு, பேர் தெரியாத ஊரில், நாலைந்து மடங்கு ஃபீஸ் கட்டிக்கொண்டிருப்பாய். அதனால் ஜாயின் கொடு. மேலே திருநெல்வேலியிலேயே இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மட்டும் இருந்திருந்தால் அப்வேர்ட் கொடு என்று சொல்லியிருப்பேன்.

என் முடிவை இதிலேயே சொல்லிவிட்டேன். திருநெல்வேலிக்குப் போ. ஏன் என்று இனிப் பேசலாம்.

கோயம்புத்தூர் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார். வருஷத்துக்கு 2,40,000. நாலு வருஷத்துக்கு 9,60,000. டொனேஷனையும் சேர்த்தால் 10,60,000. போக்குவரத்து, லேப்டாப், தேர்வுக் கட்டணம், டிரெஸ் எதுவும் இதில் இல்லை. இரண்டாம் வருஷம் ஃபீஸ் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவும் இல்லை. அண்ணன் மனசு பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஷார்ஜா வேலை என்பது விசா இருக்கும்வரை, கம்பெனி இருக்கும்வரை. இடையில் அவனுக்குக் கல்யாணம் வரும், வீடு கட்ட வேண்டிவரும். மூன்றாம் வருஷம் பாதியில் பணம் நின்றால் நீ படிப்பையும் விட முடியாது, தொடரவும் முடியாது. நான் கல்லூரியில் வேலை பார்த்தபோது அட்மிஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள். பணம் கட்ட முடியாமல் ஹால் டிக்கெட் வராமல் வராண்டாவில் நிற்கிற பிள்ளைகள் முதல் வருஷத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில்தான் நிற்பார்கள்.

அப்பா பக்கத்தையும் யோசி. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்கு ஒன்று, வடகிழக்கு ஒன்று. பிளாஸ்டிக் கட்டி மரத்தை மறைத்தாலும் அடைமழை நாளில் வெட்டு கிடையாது. பால் இல்லை, கூலியும் இல்லை. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை விற்று எத்தனை நாள் ஓட்டுவது? கல்லூரி ஃபீஸ் கேட்பதோ சரியாக அந்த ஜூன், ஜூலையில்தான். இலை உதிர்கிற பிப்ரவரி, மார்ச்சில் திரும்பவும் வேலை குறைவு. கன்சல்டன்சிக்காரர் உன் அண்ணன் பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை சொன்னாரே தவிர, அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை எங்கும் இவர்கள் நடமாட்டம்தான். எல்லாரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குக் கமிஷன் தருவது கல்லூரி. கல்லூரியைக் குறைசொல்ல அவரால் முடியாது. டொனேஷன் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன தொகைக்கு ரசீது தருவாரா என்று கேட்டுப் பார். தர மாட்டார். ஏனென்றால் தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணம் வாங்குவதைத் தடைசெய்து 1992லேயே சட்டம் வந்துவிட்டது. சனிக்கிழமை என்ற கெடுவும் கல்லூரி வைத்தது இல்லை, அவர் வைத்தது. கவுன்சலிங் முடிகிறவரை பல தனியார் கல்லூரிகளில் இடம் காலியாகத்தான் இருக்கும்.

'100 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று அவர் நோட்டீஸில் போட்டிருப்பாரே, அந்த நூறு யாருடைய நூறு என்று கேட்க வேண்டும். அரியர் இல்லாதவர்கள், இத்தனை சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்கள், பிளேஸ்மென்ட் செல்லில் பேர் கொடுத்தவர்கள் என்று வடிகட்டி மிஞ்சியவர்களில் நூறாக இருக்கும். வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் கையில் ஆஃபர் லெட்டர், அது வேலையா அல்லது பணம் கட்டிப் போகும் பயிற்சியா? இந்த மூன்றையும் அங்கே நாலாம் வருஷம் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

இன்னொன்றும் கவனி. 2024–25 கல்வியாண்டிலிருந்து தகுதியுள்ள பொறியியல் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்திவிட்டது. அதனால் சில கல்லூரிகளில் கம்ப்யூட்டர் வகைப் படிப்புகள் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பெருகியிருக்கின்றன. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு. இத்தனை செக்‌ஷனுக்குப் பாடம் நடத்த எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள் என்பதைக் கல்லூரி வெப்சைட்டில் அந்தத் துறையின் பக்கத்தைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் செமஸ்டர் வாரியாகத் தேர்ச்சி விகிதப் பட்டியலைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதில் பெயரைத் தேடு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பரீட்சையும் அவர்களே, திருத்துவதும் அவர்களே. அங்கே தேர்ச்சி விகிதத்தை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது.

இதை எல்லாம் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நீ தயங்குகிறாய் என்று நினைக்கிறேன். 'உன் பணம் வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிடாதே. வெளிநாட்டில் வேலை பார்க்கிற அண்ணனுக்கு அதைவிட வலிக்கிற சொல் இல்லை. திருநெல்வேலி ஹாஸ்டல் மெஸ் பில்லை மாதாமாதம் நீ பார்த்துக்கொள் என்று கேள். கொஞ்சம் தாராளமாகவே போட்டு மெஸ்ஸுக்கும் கைச்செலவுக்குமாக மாதம் 5,000 என்று வைத்தாலும் பத்து மாதத்துக்கு 50,000. நாலு வருஷத்துக்கு இரண்டு லட்சம். கோயம்புத்தூரில் ஒரே வருஷத்துக்கு ஆகிற செலவுகூட இது இல்லை. அவனுக்கும் தங்கச்சியைப் படிக்கவைத்த பெருமை, உனக்கும் மூச்சு முட்டாது.

அரசுக் கல்லூரியின் ஃபீஸ் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. அதிலும் உனக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. அண்ணனின் ஐ.டி.ஐ. பட்டப்படிப்பு ஆகாது, அதனால் தடை இல்லை. சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடு. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று மேலே போக நாளாகும். ஒருமுறை தாலுகா ஆபீஸுக்கு நேரில் போய் நின்றால் கொஞ்சம் வேகம் பிடிக்கும். இந்தச் சலுகை கவுன்சலிங் வழி வரும் சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. இதை உன் கன்சல்டன்சிக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு வராது. நீ படித்தது உதவிபெறும் பள்ளி. நம் மாவட்டத்தில் சபைகளும் மிஷன்களும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருப்பதால் இந்த ஏமாற்றம் இங்கே பல வீடுகளில் உண்டு. ஆனால் புதுமைப்பெண் திட்டத்தில் நீ வருவாய். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024–25இல் உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அதற்கான பொறுப்பாளர் யார் என்று கேட்டு, ஆதார் இணைத்த கணக்கோடு போய்ப் பதிவுசெய். அதற்கும் மேல் இடித்தால் கல்விக் கடன் இருக்கிறது. ஏழரை லட்சம் வரை அரசின் உத்தரவாதத் திட்டத்தில் சொத்துப் பிணை இல்லாமலே தர வழி உண்டு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். உனக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, பணத்தை விடு. நீ இ.இ.இ. படிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

உன் கடிதத்தில் அண்ணன், அம்மா, மாமா, சித்தி, சார் எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கடைசியில் அப்பாவின் ஹெட்லைட்டைப் பிரித்துச் சரிசெய்வேன் என்று சம்பந்தமில்லாமல் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. ஆனால் அதை வைத்து மட்டும் 'நீ பிறவி எலக்ட்ரிகல் இன்ஜினியர்' என்று தூக்கிவிட மாட்டேன். சால்டரிங் வேறு, இ.இ.இ. வேறு. அங்கே முதல் இரண்டு வருஷம் கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் உருமாற்றம், சர்க்யூட் தியரி, மின்காந்தப் புலம், அப்புறம் மெஷின்ஸ். பிளஸ் டூ கணக்கை நீ விரும்பிப் போட்டாயா, மனப்பாடம் செய்து மார்க் வாங்கினாயா? இதை உன்னையே கேட்டுக்கொள். விரும்பிப் போட்டவள் என்றால் இந்தப் படிப்பு உன்னைக் கைவிடாது. இன்று ராத்திரி அண்ணா பல்கலைக்கழகத்தின் இ.இ.இ. சிலபஸை போனில் இறக்கி மூன்றாவது செமஸ்டர் பக்கத்தைப் படித்துப் பார். புரியாது, புரிய வேண்டியதில்லை. படிக்கும்போது ஆர்வம் வருகிறதா, வயிற்றைக் கலக்குகிறதா என்று மட்டும் பார்.

மாமாவுக்குப் பதில் இது. போஸ்ட்டில் ஏறுவதற்குப் பட்டம் தேவையில்லை, ஏறுகிற பெண்களைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். இ.இ.இ. பட்டதாரி செய்வது பெரும்பாலும் வடிவமைப்பு, கணக்கீடு, பாதுகாப்பு ஏற்பாடு, கட்டுப்பாட்டு அறை, மென்பொருள். உங்கள் ஊரிலிருந்து பேச்சிப்பாறை தாண்டிப் போனால் கோதையாறு நீர்மின் நிலையம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி நிற்பவை முப்பந்தல் காற்றாலைகள். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் அணு உலை இரண்டு ஓடுகின்றன. தண்ணீர், காற்று, அணு மூன்றிலும் கரண்ட் எடுக்கிற இடங்கள் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கிற பிள்ளைகள் நாட்டிலேயே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். வேலை வாசலில் காத்திருக்கிறது என்று சொல்லவில்லை. இன்டர்ன்ஷிப்புக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் கேட்டுப் போக இடம் இருக்கிறது என்கிறேன். கூடங்குளத்தை நடத்துகிற அணுமின் கழகமும் பவர்கிரிட் போன்ற நிறுவனங்களும் கேட் என்கிற தேசியத் தேர்வின் மதிப்பெண் பார்த்துப் பொறியாளர்களை எடுக்கின்றன. மின்வாரிய உதவிப் பொறியாளர் பணி இருக்கிறது. ஒன்றும் ஒத்துவராவிட்டால் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கேம்பஸுக்கு வரும்போது எல்லாப் பிரிவிலிருந்தும்தான் எடுக்கிறார்கள். இ.இ.இ. படித்தவள் பைத்தான் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். டேட்டா சயன்ஸ் படித்தவள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வருவது கஷ்டம்.

பிசிக்ஸ் சார் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி ஆசிரியர் ஒரு பிள்ளையைக் குறிப்பிட்டுச் சொன்னால் ஏதோ பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இயற்பியல் நல்ல படிப்பு, நாகர்கோவிலில் அதை நன்றாகச் சொல்லித்தருகிற துறைகளும் உண்டு. ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் அது பெரிதாக ஒன்றும் தராது. பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டும் என்றால் மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு. ஆராய்ச்சி என்றால் இன்னும் மேலே. இரண்டாம் வருஷத்திலிருந்தே ஜாம் தேர்வுக்கு உட்கார்ந்து ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இயற்பியலைத் தவிர வேறெதையும் யோசிக்காதவர்கள். உன் கடிதத்தில் அந்தத் தவிப்பு எனக்குத் தெரியவில்லை. நான் தப்பாகப் படித்திருந்தால், உனக்கு உண்மையிலேயே அந்த வெறி இருந்தால், திருநெல்வேலியை விட்டுவிட்டு இயற்பியலிலேயே இரு. இந்த ஒரு விஷயத்தில் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். ஒன்று மட்டும் பார்த்துவிடு: எய்டட் கல்லூரி என்றாலும் உள்ளே எய்டட் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும், ஃபீஸும் வேறு வேறு. உன் ரசீதில் எது என்று போட்டிருக்கும்.

சித்தி சொன்ன பெங்களூரு நர்சிங் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போன நர்ஸுகளின் சம்பளத்தில் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் எழுந்திருக்கின்றன, அது மரியாதையான வேலை. ஆனால் நோயாளியின் பக்கத்தில் நின்று பார்க்கிற மனசு வேண்டும். நீ கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. வேண்டாம், விடு.

அம்மாவிடம் பேசுவதுதான் சிரமமான இடம். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைக்கிற அம்மாவைப் பழமைவாதி என்று சொல்லிவிட முடியாது. நாகர்கோவில் போய்வந்தால் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, மதியத்துக்குச் சோறு கையில், செலவு மிச்சம். ஆனால் குலசேகரத்திலிருந்து தினமும் போய்வருவதில் எவ்வளவு நேரம் பஸ்ஸிலேயே கரைகிறது என்பதையும் அவரைக் கணக்குப் போடச் சொல். திருநெல்வேலி ஒன்றும் கடல் தாண்டி இல்லை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ரயிலும் இருக்கிறது, வடசேரியிலிருந்து பஸ்ஸுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடித்துக் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அட்மிஷனுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அட்மிஷன் முடிந்த கையோடு பெண்கள் விடுதிக்கு அழைத்துப் போய் வார்டனிடம் பேசவிடு. கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள், உடம்பு சரியில்லை என்றால் யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள், லீவில் வீட்டுக்குப் போனால் வீட்டாருக்குத் தகவல் வருமா, மெஸ் பில் எப்படிப் பிரிப்பார்கள் என்று அம்மாவே கேட்கட்டும். நீ எத்தனை சமாதானம் சொன்னாலும் வராத நிம்மதி, ஒரு வார்டன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசியதும் வந்துவிடும். அங்கே நம் மாவட்டத்துப் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் நம்பரை அம்மா வாங்கிவைத்துக்கொண்டால் அப்புறம் உன்னைவிட அவளுக்குத்தான் அதிகம் போன் போகும்.

அப்பா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். விடிவதற்கு முன் எழுந்து மரத்தடியில் நிற்கிறவருக்குக் கவுன்சலிங், அப்வேர்ட் எல்லாம் பிடிபடாமல் இருக்கலாம், அல்லது பணம் கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கலாம். கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்கு, அதில் அண்ணன் எவ்வளவு, அரசு எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு என்று நாலு வரி எழுதி இன்றைக்கே அவர் கையில் கொடு. தொகை தெரிந்தால் பேசுவார்.

இனி நடக்க வேண்டிய வேலை. நாளை ஜாயின் கொடுத்ததும் உறுதியான அலாட்மென்ட் ஆர்டர் வரும், அதை இரண்டு பிரதி எடுத்துக்கொள். குறித்த நாளுக்குள் கல்லூரியில் நேரில் போய்ச் சேராவிட்டால் அந்த சீட்டும் ரத்து, நினைவிருக்கட்டும். ஆர்டர் கையில் வந்த மறுநாளே நாகர்கோவில் கல்லூரிக்குப் போய், முதல்வருக்கு விலகல் கடிதம் கொடு. தள்ளிப்போடாதே, நீ விட்ட இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித்தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018லேயே சொல்லியிருக்கிறது. கட்டிய ஃபீஸுக்கும் விதி உண்டு. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் முழுத் தொகையையும் தர வேண்டும். 2024–25இல் அந்தத் தேதி செப்டம்பர் 30. உன் வருஷத்துக்கான தேதியை யு.ஜி.சி. வெப்சைட்டில் பார்த்து, அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள். அலுவலகத்தில் சண்டை போட வேண்டாம். பணிவாகக் கேள், கடிதத்தின் நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்.

டி.சி. வாங்கும்போது நடத்தைச் சான்றிதழும் சேர்த்துக் கேள். திருநெல்வேலியில் அதைக் கேட்டால் அதற்காக இன்னொரு நாள் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியிருக்காது.